ஒரு பெஞ்சா, ஒரே பெஞ்சா? புதுச்சேரிப் பள்ளிக்கூடங்களின் கதை

புதுச்சேரி மிஷன் வீதியில் ஒரு பழைய பிரெஞ்சுக் காலத்துக் கட்டடம் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது 'கலவைக் கல்லூரி'. பெயர்தான் கல்லூரி, உள்ளே நடந்தது பள்ளிக்கூடம். பிரெஞ்சு மொழியில் 'கொலேஜ்' என்றால் இடைநிலைப் பள்ளி. அந்தச் சொல் தமிழில் அப்படியே கல்லூரி ஆகிவிட்டது.

சரி, 'கலவை' எங்கிருந்து வந்தது? அது கட்டிக் கொடுத்தவரின் பெயர். கலவை சுப்பராய செட்டியார். வைசியாள் வீதி என்று எல்லோரும் சொல்லும் தெருவுக்கும் அவர் பெயர்தான்.

தமிழில் கலவை என்றால் பலதும் ஒன்றாகக் கலந்தது என்று பொருள். ஆனால் 1877ல் அந்தப் பள்ளி தொடங்கியபோது எல்லாப் பிள்ளைகளும் அங்கே கலந்து உட்காரவில்லை. சாதி இந்துப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் என்று ஏற்பட்ட பள்ளி அது. தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை.

அந்த ஊரை அப்போது ஆண்டவர்கள் யார்? 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்று அரசாங்கக் கட்டடங்களின் நெற்றியிலேயே எழுதி வைக்கும் பிரெஞ்சுக்காரர்கள்! சமத்துவம் பேசிய ஒரு அரசாங்கத்தின் கீழ் பள்ளிக்கூடத்தில் மட்டும் சமத்துவம் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? கொஞ்சம் பின்னோக்கிப் போனால் பதில் கிடைக்கும்.

கோவிலுக்குள் ஒரு சுவர்

பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபர் மாதப் பக்கங்களில் ஒரு சம்பவம் வருகிறது. இயேசு சபைப் பாதிரிமார்களின் சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். மறுபக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். ஒரே சாமி, ஒரே பூசை, நடுவில் சுவர்.

அந்த மக்கள் ஒன்றுசேர்ந்து பாதிரியாரிடம் போய் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, பிறகு எதற்கு இந்தச் சுவர் என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். பாதிரியாரும் சுவரை இடிக்கச் செய்தார். உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் மத்தியில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மதம் மாறியும் சாதி மாறவில்லை. இரண்டு, சுவர் தானாக விழவில்லை. சுவருக்கு மறுபக்கம் நின்றவர்கள் வந்து கேட்ட பிறகுதான் விழுந்தது. இந்த இரண்டாவது விஷயம் பின்னால் பள்ளிக்கூட வரலாற்றிலும் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு வாக்குறுதி, அதற்கு எதிராக இன்னொரு வாக்குறுதி

ஆங்கிலேயர்களுடன் நடந்த போர்களில் புதுச்சேரி பலமுறை கைமாறியது. நெப்போலியன் காலப் போர்கள் முடிந்த பிறகுதான் நிரந்தரமாகப் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தது. வந்ததும் அவர்கள் செய்த முக்கியமான காரியம் 1819 ஜனவரி 6ஆம் தேதி வெளியிட்ட ஒரு ஆணை. இந்தியர்களுக்கு அவரவர் சாதியின் சட்டங்களும் பழக்கவழக்கங்களும்தான் பொருந்தும் என்று அது உறுதி கொடுத்தது.

கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. அடுத்தவர் பண்பாட்டில் தலையிடாமல் இருப்பது பெருந்தன்மை இல்லையா? ஆனால் எந்தப் பழக்கவழக்கம் காப்பாற்றப்பட்டது என்று பார்க்க வேண்டும். திருமணம், தத்து, சொத்து மட்டும் அல்ல. யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் யாருக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்பதும் அந்தக் காலத்தில் 'வழக்கம்' என்ற சொல்லுக்குள்தான் அடங்கியிருந்தது. சமத்துவம் ஒரு வாக்குறுதி என்றால், வழக்கத்தில் கைவைக்க மாட்டோம் என்பது இன்னொரு வாக்குறுதி. இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது. அவை நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம்தான் பள்ளிக்கூடம்.

அதுவரை ஊரில் இருந்தவை திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதுவது, எண்சுவடி, ஆத்திசூடி, மனப்பாடம், கண்காணிக்க ஒரு சட்டாம்பிள்ளை. பெரிய செலவு கிடையாது. ஆனால் திண்ணை என்பது ஒருவருடைய வீட்டின் முகப்பு. அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாதவன் அந்தத் திண்ணையில் எப்படி ஏறுவான்? செட்டித் தெரு, வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி என்று புதுச்சேரித் தெருப்பெயர்களைப் பார்த்தாலே ஊர் எப்படிப் பிரிந்திருந்தது என்பது புரியும். தெரு எப்படியோ திண்ணையும் அப்படியே.

1826ல் ஆளுநர் தெபாசேன் தெ ரிஷ்மோன் வெள்ளையர் பகுதியில் 'கொலேஜ் ரோயால்' என்ற அரசப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய பிரெஞ்சு லிசேயின் தொடக்கம் அதுதான். அது ஐரோப்பியப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. அதை ஒட்டிய ஆண்டுகளிலேயே இந்தியப் பிள்ளைகளுக்கு ஒரு இலவசப் பள்ளியும், அதிலும் சேர முடியாத பறையர் பிள்ளைகளுக்கு இன்னொரு பள்ளியும் தனித்தனியாக ஏற்பட்டன. 1827ல் வந்த குளூனி கன்னியர் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார்கள்.

ஆக, அரசாங்கம் யாரையும் முழுசாக மறக்கவில்லை. எல்லோருக்கும் கணக்கில் ஒரு இடம் இருந்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிப் பேரேடு!

பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு?

சாதிச் சுவர் போல இன்னொரு சுவரும் இருந்தது. அக்காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் அவள் கோவில் நடனத்துக்கு விடப்பட்டவளாகத்தான் இருப்பாள் என்று நினைத்தார்கள். குடும்பப் பெண் படித்தால் பெயர் கெட்டுவிடும் என்ற பயம்.

1844ல் புதுச்சேரியில் கத்தோலிக்கத் திருச்சபையின் மாமன்றம் ஒன்று கூடியது. கல்வி முக்கியம் என்ற பேச்சு அதில் வலுவாக எழுந்தது. ஆண்பிள்ளைகளுக்கான பெத்தி செமினார் பள்ளி தொடங்கியது அதே ஆண்டு. தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவே உள்ளூர்ப் பெண்களைக் கொண்ட ஒரு கன்னியர் சபையை துய்புயி என்ற பாதிரியார் தொடங்கியதும் அதே ஆண்டுதான். இவர் மிஷன் அச்சகத்தை நடத்தியவர். தமிழ்-பிரெஞ்சு அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவர்.

அவர் செய்ததில் ஒரு நுட்பம் உண்டு. வெளிநாட்டுக் கன்னியர் சொல்லிக் கொடுத்தால் பெண்ணை அனுப்பத் தயங்கும் குடும்பம், தங்களைப் போலவே புடவை கட்டி, தங்களைப் போலவே பேசும் ஒரு பெண் சொல்லிக் கொடுத்தால் அனுப்பும். பள்ளி என்பது கட்டடம் மட்டும் அல்ல, சொல்லிக் கொடுப்பவர் யார் என்பதும் சேர்ந்ததுதான். ஆசிரியர் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார் என்று இன்றைய கல்வி ஆய்வுகள் கேட்கும் கேள்விக்குப் புதுச்சேரியில் அன்றே ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

சட்டத்தில் சமம், வகுப்பில்?

இப்போது சட்டத்தின் பக்கம் கொஞ்சம் பார்க்கலாம். 1848ல் பிரான்சில் குடியரசு வந்தபோது புதுச்சேரி ஆண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. பக்கத்தில் ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் அப்போது இதை யாரும் கனவிலும் நினைக்கவில்லை.

1873ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை. பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். பின்னாளில் 'லாபோர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். உரிமையின் கதவைத் திறந்தவர் என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள்.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை அந்தக் கதவை எல்லோருக்கும் திறந்தது. ஒருவர் தன் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து, ஒரு குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டால், பிரெஞ்சு உரிமைச் சட்டத்தின் கீழ் வரலாம். இப்படிச் செய்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். வழக்கத்தைத் துறந்தவர்கள் என்று பொருள். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும்தான் இதில் அதிகம். வழக்கத்தால் நன்மை பெற்றவன் அதை ஏன் துறக்கப் போகிறான்? வழக்கத்தால் மிதிபட்டவனுக்குத்தான் அதைத் துறப்பதில் லாபம்.

ஆனால் 1884ல் வாக்காளர் பட்டியலே மூன்றாகப் பிரிந்தது. ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவர்களுக்கு ஒன்று, மற்ற இந்தியர்களுக்கு ஒன்று. 1899ல் இன்னொரு மாற்றம். துறந்தவர்களில் ஐரோப்பியர் பட்டியலில் சேர விரும்புகிறவர்களுக்கு பிரெஞ்சு மொழி அறிவு உட்படப் பல நிபந்தனைகள் வந்தன.

கதை பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவது இங்கேதான். பிரெஞ்சு தெரிந்தால் உரிமை, பிரெஞ்சு தெரிந்தால் வேலை. சைகோனுக்குப் போய் அரசாங்க வேலை பார்த்த புதுச்சேரிக்காரர்கள் ஏராளம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை ஊரில் இன்றும் 'சொல்தா' என்கிறார்கள். இத்தனைக்கும் முதல் படி பள்ளிக்கூட வாசல். அந்த வாசலில் நிற்க வைத்துவிட்டு, உள்ளே சொல்லிக் கொடுக்கும் மொழி தெரிந்தால்தான் முழு உரிமை என்று சொன்னால் என்ன அர்த்தம்? சட்டம் ஒரு கையால் கொடுத்ததை, பள்ளிக்கூடம் இன்னொரு கையால் நிறுத்தி வைத்தது.

முதலில் எது?

இதே காலத்தில் பக்கத்துச் சென்னை மாகாணத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. 1894ல் அடையாறில் கர்னல் ஆல்காட் பஞ்சமப் பிள்ளைகளுக்கென்று ஒரு இலவசப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரும் அதற்குத் துணை நின்றவர். பொதுப் பள்ளியில் சேர்த்தால் சாதி இந்துக்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், பள்ளியே மூடப்படும். அதனால் தனிப்பள்ளி.

தனிப்பள்ளி சரியா, தவறா? இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது.

தனிப்பள்ளி இல்லாமல் இருந்திருந்தால் பல்லாயிரம் பிள்ளைகளுக்கு எழுத்தே கிடைத்திருக்காது. பெஞ்சே இல்லாதவனிடம் 'பொறு, எல்லோருக்கும் ஒரே பெஞ்சு வரட்டும்' என்று சொல்வது கொடுமை. ஆனால் தனிப்பள்ளியிலேயே காரியம் முடிந்தது என்று நினைத்தால் அதுவும் ஏமாற்று. ஏனென்றால் சாதி என்பது தாழ்ந்தவனிடம் மட்டும் இருக்கும் நோய் அல்ல. தனியாக உட்கார்ந்து படித்த உயர்சாதிப் பிள்ளையும் ஒரு பாடம் கற்றுக்கொண்டுதான் வெளியே வருகிறான். 'அவன் என் பக்கத்தில் உட்காரத் தகுதியில்லாதவன்' என்பதுதான் அந்தப் பாடம். எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத, ஆனால் யாரும் மறக்காத பாடம்!

ஆகவே முதலில் ஒரு பெஞ்சு, பிறகு ஒரே பெஞ்சு. இரண்டும் வேண்டும். முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையில் எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

வாத்தியார் கனகசுப்புரத்தினம்

கலவைக் கல்லூரியில் படித்த பிள்ளைகளில் ஒருவர் 1891ல் புதுச்சேரியில் பிறந்த கனகசுப்புரத்தினம். திருப்புளிசாமி ஐயாவின் திண்ணைப் பள்ளியில் தொடங்கி, பிறகு இங்கே தமிழ் படித்து, 1909ல் காரைக்காலை அடுத்த நிரவியில் அரசுப் பள்ளித் தமிழாசிரியர் ஆனார். 1946ல் ஓய்வு பெறும் வரை 37 ஆண்டுகள் அவர் பிரெஞ்சு அரசாங்கத்தின் வாத்தியார். உலகம் அவரைப் பாரதிதாசன் என்று அறியும்.

பாரதிதாசனைப் புரட்சிக் கவிஞராக மட்டும் பார்த்துப் பழகிவிட்டதால் அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது மறந்துவிடுகிறது. 1944ல் வந்த 'இருண்ட வீடு' முழுக்க முழுக்கக் கல்வி இல்லாத ஒரு குடும்பத்தின் ஒரு நாள் கதை. சாதி ஒழிப்பும் பெண்கல்வியும் அவருக்கு மேடைப் பேச்சு அல்ல. தினமும் வகுப்பில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பெயர் கூப்பிட்டுப் பார்த்த ஒரு மனிதரின் அனுபவம்.

அவருடைய குரு பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அப்போது கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் அணிவித்தார். அந்த இளைஞரே பின்னாளில் தன் குருவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பூணூல் போட்டதால் சாதி போய்விடுமா என்று இன்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்தில் உட்கார வைத்ததால் ஒரு நூலாசிரியர் கிடைத்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரே பந்தி

1920ல் சென்னை மாநகராட்சி, தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930ல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தது. இதைப் பசி தீர்க்கும் திட்டமாக மட்டும் பார்க்கக் கூடாது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது சாதி அமைப்பின் அடிமடியில் கைவைப்பது. பெஞ்சில் ஒதுங்கி உட்காரலாம், ஒரே பானையிலிருந்து வரும் சோற்றில் எப்படி ஒதுங்குவது?

1934 பிப்ரவரியில் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போது காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்தார். 1936 ஜூலை 30ஆம் தேதி ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். ஆலை வாசலில் ஒன்றாக நின்றவர்களின் பிள்ளைகளை வகுப்பில் பிரித்து வைப்பது இனிமேல் சுலபமாக இருக்கவில்லை. தனித்தனி வாக்காளர் பட்டியல் முறையும் 1945ல் ஒழிந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு

1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. தீண்டாமையைக் குற்றமாக்கிய அரசியல் சட்டமும் இடஒதுக்கீடும் புதுச்சேரிக்கும் வந்தன. 1961ல் தாகூர் கலைக் கல்லூரி, 1968ல் பாரதிதாசன் பெயரில் அரசு மகளிர் கல்லூரி, 1985ல் பல்கலைக்கழகம். பெண் படித்தால் பெயர் கெடும் என்ற ஊரில், வாத்தியார் ஒருவர் பெயரில் பெண்களுக்கே ஒரு கல்லூரி!

இன்று எந்த அரசுப் பள்ளியின் வாசலிலும் சாதி கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. அந்தச் சுவர் விழுந்துவிட்டது. ஆனால் வேறு ஒரு சுவர் மெதுவாக எழுந்திருக்கிறது. பணம் உள்ள வீட்டுப் பிள்ளை தனியார் பள்ளிக்கு, இல்லாத வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளிக்கு. அறிவிப்புப் பலகை எதுவும் கிடையாது, கட்டண ரசீது போதும்.

இதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட ஆண்டு 2023. புதுச்சேரியில் மருத்துவப் படிப்பு இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. தமிழ்நாட்டில் 2020லேயே 7.5 சதவீதம் வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது சமத்துவம். பின்னால் நிறுத்தப்பட்டவனுக்கு எட்டிப் பிடிக்கிற அளவுக்குக் கூடுதலாகக் கொடுப்பது சமநீதி. இந்த ஒதுக்கீடு இரண்டாவது வகை. அதே 2023-24ல் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. பாடப்புத்தகம் ஒன்றாகிவிட்டால் பெஞ்சும் ஒன்றாகிவிடுமா? 1826லிருந்து வரும் அனுபவம் அவ்வளவு சுலபமாக நம்பச் சொல்லவில்லை.

கடைசியாக

இருநூறு ஆண்டுக் கதையை ஒரு வரவு செலவுக் கணக்காகப் போட்டுப் பார்த்தால், பிரெஞ்சு ஆட்சியின் வரவுப் பக்கத்தில் நிறைய உண்டு. சட்டம், வாக்கு, பள்ளிகள், மதிய உணவு. பற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு பெரிய தொகை. 'வழக்கத்தில் தலையிட மாட்டோம்' என்ற அந்தச் சாமர்த்தியம். மேலிருப்பவனின் வழக்கத்துக்கு மரியாதை கொடுத்தபோது, கீழிருப்பவனின் பிள்ளை அதற்கு வட்டி கட்டினான்.

வரவுப் பக்கத்தில் இருப்பவற்றிலும் பல, மேலிருந்து தானாக இறங்கி வந்தவை அல்ல. சம்பா கோவில் சுவரை இடிக்கச் சொல்லிக் கேட்டவர்கள், பூட்ஸ் காலோடு நீதிமன்றத்துக்குள் போனவர், ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படாமல் மகளைப் பள்ளிக்கு அனுப்பிய பெயர் தெரியாத தாய் தகப்பன்மார்கள். கதவு திறந்தது இவர்கள் தட்டியதால்.

அடுத்த முறை மிஷன் வீதியில் அந்தப் பழைய கட்டடத்தைக் கடந்து போகும்போது அதன் பெயரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கலவை! 1877ல் அது ஒரு செட்டியாரின் பெயர் மட்டும்தான். அதை ஒரு பொருள் உள்ள சொல்லாக மாற்ற வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.